மூத்தாள் பார்த்த கடல்

லாரியின் பின்பக்கத்தில் பருத்திச் சாக்குகளை அடுக்கி அதன் மேல் பாயை விரித்திருந்தான் வீரபத்திரன். பருத்தி ஓய்ந்து வண்டி சும்மா கிடக்கும் மாதம். பலகை இடுக்குகளில் மட்டும் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகியும் பெட்ரோல் கிடைத்தபாடில்லை; கரியில் ஓடுகிற லாரி. பக்கவாட்டில் நின்ற பீப்பாயில் கரியைக் கொட்டி, விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி அவன் மூட்டியபோது ஊர் நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன.

"அக்கா, ஏறிக்க" என்றான்.

ராக்கம்மாள் காலைத் தூக்கினாள். அவன் கண் தன் முகத்தில் இல்லை, கழுத்துக்குக் கீழே இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

"நீங்களும் பாத்து ஏறுங்க, சின்னக்கா."

முதலில் கூப்பிட்டது மாயக்காளை. மாயக்காள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. பூமிநாதனுக்கு முதல் தாரம். பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டாள். மறு வருஷம் ராக்கம்மாள் அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தாள். தாலி ஏறிய கையோடு இன்னொரு மஞ்சள் கயிறும் ஏறியது. அதில் ஒரு தங்கக் காசு. அருப்புக்கோட்டை ஆசாரி அதில் ஒரு பெண் உருவத்தைத் தட்டியிருந்தார். இரண்டு கண், ஒரு வாய், கூப்பிய கை. மூக்கு வைக்க மறந்துவிட்டார். மூத்தாள் காசு என்பார்கள். இளையாள் அதைக் கழற்றக் கூடாது. புதுச் சேலை வந்தால் முதலில் மூத்தாளுக்குக் காட்டிவிட்டுத்தான் உடுத்த வேண்டும். சோற்றில் முதல் பிடியை மூத்தாளுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் தன் வாயில் வைக்க வேண்டும். தாலியைவிடக் காசு கொஞ்சம் தாழத் தொங்கியது. குனியும்போதெல்லாம் முதலில் அதுதான் தரையைப் பார்க்கும்.

ராக்கம்மாளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கி, தங்காமல் போயிற்று. ரெட்டியபட்டிக் கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொன்னான்: மூத்தவளுக்கு ஆசை ஒன்று பாக்கி இருக்கிறது, அதனால்தான் இளையவளை விடமாட்டேன் என்கிறாள். என்ன ஆசை என்று கேட்டபோது வீரபத்திரன்தான் அழுதுகொண்டே சொன்னான். அக்காவுக்குக் கடல் பார்க்க ஆசை. சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். லாரி வாங்கினால் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தான். லாரி வந்தது, அக்கா இல்லை.

"அப்ப கடலக் காட்டி, அங்கனயே விட்டுட்டு வாங்க" என்றான் கோடாங்கி. "காசக் கடல்ல போட்டுட்டா அவளும் போயிருவா. இவ வயிறும் நிக்கும்."

ஆடி அமாவாசை என்று நாள் குறித்தார்கள். தேவிப்பட்டினம், கீழக்கரை, திருப்புல்லாணி, கடைசியில் சேதுக்கரை. பார்க்க வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டுச் சேதுக்கரையில் விடுவது.

இந்த நாளுக்காக ராக்கம்மாள் ஏழு வருஷம் காத்திருந்தாள் என்றே சொல்லலாம். யாரிடமும் சொன்னதில்லை. கழுத்தில் தாலி மட்டும் கிடந்தால் எப்படி இருக்கும் என்று குளிக்கும்போது காசை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறாள். பூமிநாதன் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, ஒரு சொல் சுட்டதில்லை. "இந்தா" என்று கூப்பிடுவார். பெயர் சொல்லமாட்டார். இரவில் அருகில் வரும்போது அவரே அந்தக் காசை எடுத்து அவள் முதுகுப்பக்கம் திருப்பி வைப்பார். தூங்குகிற பிள்ளையின் முகத்தை வெளிச்சத்திலிருந்து திருப்புவதுபோல அவ்வளவு மெதுவாக. அந்த மெதுவில் தனக்குப் பங்கில்லை என்பது ராக்கம்மாளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது.

ஆண்கள் இருவரும் முன்னால் ஏறினார்கள். பின்னால் ராக்கம்மாளும் வீரபத்திரன் பெண்டாட்டி ரத்தினமும். நடுவே கட்டுச்சோற்றுக் கூடையும், தங்கள் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த மண்பானையும். கடலுக்குப் போகிறவர்கள் தண்ணீர் சுமந்து போவதைப் பார்த்து ஊரே சிரித்தது. அது வேற தண்ணி, இது வேற தண்ணி என்று ரத்தினம் பானையின் வாயைத் துணியால் கட்டிவிட்டாள்.

"மதினி, தூங்கிறாதீக. தூங்குனா பெரிய மதினியும் தூங்கிருவாக. அப்புறம் வழியெல்லாம் யாரு பாக்குறது?"

"அவ தூங்கமாட்டா" என்றாள் ராக்கம்மாள்.

சொன்ன பிறகுதான், அது எப்படித் தனக்குத் தெரியும் என்று யோசித்தாள். ரத்தினம் அதைக் கவனிக்கவில்லை. பரமக்குடி வரும் முன்பே சாக்கில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிப்போனாள்.

*

தேவிப்பட்டினத்தில் கடல் அசையவே இல்லை. தண்ணீருக்குள் ஒன்பது கல் நின்றன. ராமர் நட்டவை என்றார்கள். முழங்கால் ஆழத்தில் ஜனங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். குளித்த சேலைகளின் சாயமும் மிதக்கிற பூவும் எள்ளுமாகத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள் ரத்தினம். "நம்ம கம்மாயி பெருகுனா இப்பிடித்தான இருக்கும்!"

ராக்கம்மாள் கண்ணை இடுக்கி மறுகரையைத் தேடினாள். தண்ணீர் என்று இருந்தால் அதற்கு ஒரு கரையும், கரையில் ஒரு மடையும், மடையைத் திறக்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வானம் வந்து தொட்ட இடத்தில்கூட அது முடிந்ததாகத் தெரியவில்லை. யாரும் கரை கட்டாத தண்ணீர்.

பூமிநாதன் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு குறுக்கம் நெலத்துக்குப் பாயாது" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

வீரபத்திரன் ராக்கம்மாளுக்கு எதிரே வந்து நின்றான். மூக்கு விடைத்திருந்தது. அழுகையை அடக்குகிறான்.

"அக்கா, பாத்துக்கிட்டயா? இதான் கடலு. சொன்னபடி கூட்டியாந்துட்டேன்."

ராக்கம்மாள் ஆடாமல் நின்றாள். காசுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று முந்தானையைக்கூடச் சற்று விலக்கிக்கொண்டாள். முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறவள் தானும்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன? சாமி ஊர்வலத்தில் சாமியைத் தூக்கி வருகிறவனிடம், தெரு எப்படி இருந்தது என்று யாராவது கேட்கிறார்களா?

ஒன்பது கல்லையும் சுற்றும்போது அவள் உதடு அசைந்தது. பெரிசா இருக்குல்ல, என்று கேட்டாள், சத்தமில்லாமல். பயமா இருக்கா? எனக்குப் பயமா இருக்கு.

காசு ஈரமாகி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

*

கீழக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கப்பல்காரர்களின் பழைய ஊர். ஒடுங்கின தெருக்கள், இருபுறமும் உயரமான சுவர்கள், கல்லில் தூணிழைத்த பழைய பள்ளிவாசல். அந்தத் தூண்களைப் பார்த்து, நம் ஊர்க் கோயில் தச்சன் செய்ததுபோல் இருக்கிறதே என்று பூமிநாதனும் வீரபத்திரனும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு சங்குக் கடைக்குப் போனார்கள். வீரபத்திரன் கைக்கடக்கமாக ஒரு சங்கை வாங்கி வந்து நேரே ராக்கம்மாளின் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தான்.

"கேளுக்கா. உள்ள கடலு சத்தம் போடுது."

"ஆமா, காசுக்குக் காது எங்கன இருக்கு?" என்றாள் ரத்தினம். "ஆசாரி மூக்கே வைக்கல. காது வச்சிருப்பாராக்கும்!"

"சும்மா கெட. எங்கக்காளுக்கு எல்லாம் கேக்கும்."

"என்னயக் கட்டிக்கிட்டு வந்ததுலருந்து நா சொல்றது ஒண்ணும் ஒங்களுக்குக் கேக்கல. செத்தவுகளுக்குச் சங்கு கேக்குதாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பூமிநாதன்கூட மீசைக்குள் சிரித்தார். சங்கு ராக்கம்மாளின் காதுக்கு வரவில்லை. வீரபத்திரன் அதைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டான். ஆண்கள் கரி வாங்கப் போக, ரத்தினம் வளையல் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாங்காமல் ராக்கம்மாள் ஒரு வீட்டுச் சுவர் நிழலில் ஒதுங்கினாள்.

"யாருகிட்டப் பேசிக்கிட்டு நிக்கிற?"

கதவு ஒருக்களித்திருந்தது. முக்காடு போட்ட ஒரு பெண், ராக்கம்மாள் வயதுதான் இருக்கும், கையில் செம்போடு உள்ளே நின்றாள்.

"பேசலையே."

"பேசுன. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இந்தா, தண்ணி குடி. எந்த ஊரு?"

"நரிக்குடிப் பக்கம். வானம் பாத்த பூமி."

"பேரு?"

"ராக்கம்மா."

சொல்லும்போதே அது யாரோ ஒருத்தியின் பெயர்போல் இருந்தது. காலையிலிருந்து யாரும் அதைச் சொல்லவில்லை. இந்தா, மதினி, சின்னக்கா. நேற்று யாராவது சொன்னார்களா என்று பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"கடலு பாக்க வந்தீகளாக்கும்" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. நீங்க தெனமும் பாப்பீக."

"நானா? எங்க வீட்டு ஆம்பளைக கொழும்புல ஏவாரம் பாக்குறாக. கடலு அவுக போற ரோடு. அவுக போவாக, வருவாக. நான் கதவுக்கு இந்தப் பக்கம்." லேசாகச் சிரித்தாள். பிறகு அவள் பார்வை ராக்கம்மாளின் கழுத்துக்கு இறங்கியது. "அது என்னம்மா, தாலிக்குக் கீழ?"

மூத்தாள் காசு என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

"எங்கக்கா."

"ஓ" என்றாள் அவள், கூடப்பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டு. "அப்ப தொணைக்கு ஆளு இருக்கு ஒனக்கு."

ராக்கம்மாள் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள். அந்தச் சொல் கூடவே வந்தது. திருப்புல்லாணியில் தர்ப்பை விரிப்பில் படுத்திருந்த ராமரைப் பார்க்கும்போதும் வந்தது. ஏழு வருஷமாக அந்த வீட்டில் தான் வாய் திறந்து பேசியது யாரிடம்? கரு கலைந்தபோது, வைத்தியச்சி போன பிறகு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு யாரைத் திட்டினாள்? நீதானே கொண்டுபோனாய் என்று. பிறகு யாரிடம் மன்னிப்புக் கேட்டாள்? குழம்பில் உப்புக் கூடியதும், பக்கத்து வீட்டுக்காரி குத்திப் பேசியதும், கனவில் அம்மா வந்ததும், எல்லாம் யாருக்குத் தெரியும்? மூக்கில்லாத அந்த முகத்துக்குத்தான். அது பதில் சொன்னதில்லை. பூமிநாதனும் பதில் சொன்னதில்லை. ஆனால் அது கேட்டது.

கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

சொன்னால் எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள். பிள்ளை வேண்டாமா உனக்கு என்பார்கள். வேண்டும். ராத்திரி பகலாக வேண்டும். காசு போனால் பிள்ளை வரும் என்றுதானே இத்தனை தூரம் வந்தது? பிள்ளை வந்தால் அதனிடம் பேசிக்கொள்ளலாம். ஆனால் நெஞ்சில் கை வைத்தபோது அங்கே இருப்பது பிள்ளை இல்லை, இவள்தான்.

*

சேதுக்கரையில் கடல் வேறாக இருந்தது. காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. அலை அலையாக எழுந்து வந்து விழுந்தது. அமாவாசைக் கூட்டம் உச்சிப்பொழுதோடு கலைந்திருந்தது. ஆங்காங்கே சில குடும்பங்கள் பிண்டம் கரைத்துக்கொண்டிருந்தன. வீரபத்திரனுக்குத் தெரிந்த குருக்கள் ஓலைப்பந்தலுக்குக் கீழே எள்ளும் தர்ப்பையுமாக உட்கார்ந்திருந்தார்.

மந்திரம் சொல்லி முடித்தபின் வெற்றிலையில் மஞ்சள் கிழங்கும் பூவும் வைத்து நீட்டினார்.

"கட்டினவர்தான் அவிழ்க்கணும். வேற யாரும் தொடப்படாது. அவிழ்த்து, இடுப்பளவு ஜலத்துக்குள்ள போய், அந்தம்மா பேரைச் சொல்லி விட்டுடுங்கோ. பொம்மனாட்டிகள் கரையிலேயே முதுகைக் காட்டிண்டு நிக்கணும். போறவளைத் திரும்பிப் பார்த்தா அவளுக்குப் போக மனசு வராது."

பூமிநாதன் ராக்கம்மாளுக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை பேர் பார்க்க, இத்தனை வெளிச்சத்தில், இவ்வளவு கிட்டத்தில் அவர் நின்றதே இல்லை. முடிச்சு இறுகியிருந்தது. உழுகிற விரல்களுக்கு அது பிடிபடவில்லை.

இப்போது சொல்லிவிடலாம். வேணாம், இருக்கட்டும். இரண்டு வார்த்தை.

அவள் முகத்தை நிமிர்த்தினாள். அவர் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி வைக்காமல், நேராக. பேசாத மனிதரின் முகத்தில் இத்தனை பேச்சு இருந்ததா என்று இருந்தது அவளுக்கு. வாயை மூடிக்கொண்டாள். அவிழ்ப்பது எத்தனை கஷ்டம் என்று அவரிடம் போய்ச் சொல்வதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது?

முடிச்சு விட்டது. கயிறு கழுத்தை உரசிக்கொண்டு போனது.

"திரும்பிக்கங்க மதினி" என்று ரத்தினம் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். வீரபத்திரன் கரையில் மண்டியிட்டுச் சங்கை அலைக்குள் உருட்டிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். எதிரே பனைகள் காற்றில் ஓலை அடித்துக்கொண்டிருந்தன. கழுத்துக்குக் கீழே காசு கிடந்த இடம் குளிர்ந்தது.

போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பிட்டேனே, என்று நினைத்தாள்.

திரும்பிவிட்டாள்.

பூமிநாதன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அலை வந்து மார்பில் அடித்தது. மூடிய கையை வாயருகே கொண்டுபோயிருந்தார். காற்று கரையைப் பார்த்து அடித்ததால் குரல் வந்தது.

"மாயி" என்றார். "மாயி, ஏ மாயி..."

அப்படிக்கூட அவருக்குக் கூப்பிடத் தெரியுமா?

கை கடலுக்கு மேலே நீண்டது. வெற்றிலையும் மஞ்சளும் பூவும் விழுந்து அலையில் சுழன்றன. கயிறும் விழுந்து மிதந்தது. விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன. அந்தக் கை தண்ணீருக்குள் இறங்கியது. வேட்டி மடிப்பை இடுப்பில் சுருட்டிச் செருகுவது தெரிந்தது. மூக்குப்பொடி மட்டையைச் செருகும் அதே இடத்தில், அதைவிடக் கவனமாக.

ராக்கம்மாள் பனைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போட்டாச்சு" என்றார் பூமிநாதன் கரைக்கு வந்து.

"நல்லபடியாப் போனாளா மச்சான்?"

"ம்."

ரத்தினம் ராக்கம்மாளின் வெற்றுக் கழுத்தைத் தடவிப் பார்த்துப் பூரித்துப் போனாள். "இப்பத்தான் மதினி, ஒங்க தாலி தாலியாத் தெரியுது. அடுத்த ஆடிக்கு இந்தக் கைல ஒரு புள்ள இருக்கும், பாருங்க!"

ராக்கம்மாள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அது.

*

சத்திரக்குடி தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி வீரபத்திரன் பீப்பாயில் கரி நிரப்பினான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த களியில் ஆடுகள் மேய்ந்தன. காலையிலிருந்து பட்டினி. கூடையைத் திறந்து ராமநாதபுரத்தில் வாங்கிய இலைகளை விரித்தாள் ரத்தினம்.

வழியெல்லாம் ராக்கம்மாள் யோசித்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீரபத்திரன் குதிப்பான். லாரியைத் திருப்புவான். அவர் மடியிலிருந்து காசு வெளியே வரும். எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால், கோடாங்கி சொன்னது மெய்யானால், தன் வயிற்றில் இனியும் எதுவும் தங்காது. காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் அவளிடம் சொல்லமாட்டார். அவள் அவரிடம் கேட்கமாட்டாள்.

பிள்ளையைப் பற்றிய கவலைகூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. எனக்கிருந்த ஒரு துணையையும் அவர் எடுத்துக்கொண்டார். இத்தனை நாள் அவளைச் சுமந்தது நான். என் மார்பில் கிடந்து என் பேச்சைக் கேட்டவள் இனி அவர் இடுப்பில் கிடப்பாள். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாய்ப் போய்விட்டார்கள். வீட்டில் இனி மூன்றாவது ஆள் நான்தான்.

கை தானாகக் கழுத்துக்குப் போய், எதுவும் கிடைக்காமல் தாலியைப் பிடித்துக்கொண்டது. அது கனமே இல்லாமல் இருந்தது.

"மதினி, உக்காருங்க. அண்ணனுக்குப் பக்கத்துல உக்காருங்க. இன்னிக்கு என்ன கூச்சம்!"

உட்கார்ந்தாள். புளிச்சோறு இலையில் விழுந்தது. ராக்கம்மாள் முதல் பிடியை எடுத்தாள். தன் இலைக்கும் அவர் இலைக்கும் நடுவில், அவருடைய இடுப்போரமாக, தரையில் ஓர் இலைத்துண்டைப் போட்டு அதன் மேல் வைத்தாள்.

"ஐயய்ய, இனி எதுக்கு மதினி?" என்று ரத்தினம் கையைத் தட்டினாள். "பெரியவுக போயாச்சு. நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க."

"கைப் பழக்கம்" என்றாள் ராக்கம்மாள்.

பூமிநாதனின் கை சோற்றில் நின்றது. அந்தப் பிடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் அவர் அவளை அப்படி நேராகப் பார்த்ததில்லை. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்குத் தெரியும் என்பதைத் தவிர அவள் அதில் வேறெதையும் வைக்கவில்லை.

அவர் மெதுவாக, சத்தம் வராமல், தன் இலையை அந்தப் பக்கம் நகர்த்தி, நடுவிலிருந்த பிடிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். பிறகு தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ராக்கம்மாளும் சாப்பிட்டாள். ரத்தினம் பானையின் வாய்த்துணியை அவிழ்த்து, "இன்னும் பாதி இருக்கு, பாத்தீகளா? ஊரே சிரிச்சுச்சே!" என்று எல்லாருக்கும் வார்த்துக் கொடுத்தாள். உவர்ப்பும் மண்வாசனையுமாக அது தங்கள் கிணற்றுத் தண்ணீராகவே இருந்தது. கரியடுப்பு மூண்டு லாரி இருமத் தொடங்கியபோது ஓர் ஆடு கரையேறி வந்து, நடுவிலிருந்த அந்தப் பிடியை முகர்ந்தது. பூமிநாதன் கையை வீசி அதை விரட்டினார்.